கஸ்டம் ரோம் போட்டபின் சார்ஜ் நிற்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. வீட்டில் இரண்டு போன்கள். ஒரே மாடல், ஒரே மாதம் வாங்கியவை, இரண்டிலும் ஒரே கம்பெனி சிம். அக்கா போனில் கம்பெனி கொடுத்த ரோம் அப்படியே இருந்தது. என்னுடையதில் ஒரு மாதத்துக்கு முன் நான் போட்ட கஸ்டம் ரோம், அதாவது கம்பெனிக்கு வெளியே உள்ளவர்கள் செய்த ஆண்ட்ராய்டு. படுக்கும்போது இரண்டிலும் 92 சதவீதம். இரவு முழுக்க யாரும் தொடவில்லை. விடிந்து பார்த்தால் அக்கா போனில் 84, என்னுடையதில் 57.

தெருவெல்லாம் தண்ணீர். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெரியம்மா வீட்டு நிலவரம் கேட்க வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த மாவட்டம் இது. அந்த 27 சதவீதம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்காகக் கஸ்டம் ரோமை நான் விட்டுவிடவில்லை. கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட ஒரு நல்ல போனுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்க வேண்டுமென்றால் இதைவிட வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால், "அண்ணே, ரோம் மாத்தினதுலேர்ந்து சார்ஜே நிக்க மாட்டேங்குது, வேற நல்ல ரோம் சொல்லுங்க" என்று கேட்டு, வாரம் ஒரு ரோம் மாற்றும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. சார்ஜ் எங்கே போகிறது என்று தெரியாமல் ரோமை மாற்றினால் அதே ஓட்டை அடுத்த ரோமிலும் இருக்கும். முதலில் ஓட்டையைப் பிடிக்க வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன்: ஒரு இரவுக் கணக்கு

பகல் பயன்பாட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒருநாள் வெயிலில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்திருப்பீர்கள், இன்னொருநாள் வீட்டிலேயே இருப்பீர்கள். இரண்டையும் ஒப்பிட முடியாது. இரவு அப்படி இல்லை, ஓர் இரவு இன்னொன்றைப் போலத்தான் இருக்கும்.

இரவு 11 மணிக்கு சார்ஜரைக் கழற்றிவிட்டு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலை 6 மணிக்குத் திரும்பப் பாருங்கள். பேட்டரி 4000 எம்ஏஎச் என்று வைத்துக்கொண்டால் 1 சதவீதம் என்பது 40 எம்ஏஎச். ஏழு மணி நேரத்தில் 4 சதவீதம் இறங்கினால் 160 எம்ஏஎச், அதாவது சராசரியாக 23 மில்லிஆம்பியர். சிம், வைஃபை எல்லாம் இயங்கும் போனுக்கு இது நல்ல கணக்கு. அதே நேரத்தில் 20 சதவீதம் இறங்கினால் சராசரி 114 மில்லிஆம்பியர். போன் தூங்கவில்லை, ஏதோ ஒன்று தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

இந்தக் கணக்கை ரோம் மாற்றுவதற்கு முந்தைய இரவே ஒருமுறை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. நான்கு வருடம் ஓடிய போனில் ரோம் போட்டுவிட்டு, அது புதிதாக இருந்தபோது நின்ற சார்ஜோடு ஒப்பிடுகிறார்கள். லித்தியம் அயன் பேட்டரி ஒன்று சுமார் 500 முழுச் சுற்று ஆனபிறகு தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருப்பது சாதாரணம். அந்தப் பழியும் ரோம் தலையில் விழுகிறது.

ரோம் போட்டபின் முதல் இரண்டு இரவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காரணம் கீழே வருகிறது. மூன்றாம் இரவு வழக்கம்போல் வையுங்கள். நான்காம் இரவு ஏரோபிளேன் மோடில் வையுங்கள். ஐந்தாம் இரவு ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டு சேஃப் மோடில் வையுங்கள். பவர் பட்டனை அழுத்தி, வரும் பட்டியலில் அணைக்கும் பொத்தானையோ ரீஸ்டார்ட் பொத்தானையோ விரல் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் கேட்கும். அதில் நீங்களாக இறக்கிய ஆப் எதுவும் ஓடாது.

ஏரோபிளேன் இரவில் மட்டும் சார்ஜ் நின்றது என்றால் பிரச்சினை சிக்னல் பக்கம். சேஃப் மோடில் நின்றது என்றால் உங்கள் ஆப்களில் ஒன்று. இரண்டிலுமே நிற்கவில்லை என்றால் மட்டும்தான் கர்னல் (போனின் சில்லுகளை ஆண்ட்ராய்டோடு இணைக்கும் அடிப்படை மென்பொருள்), ரோம், அல்லது கூடப் போட்ட கூகுள் தொகுப்பு (பிளே ஸ்டோர் முதலியவை). அப்படி இருந்தால் ரோமைக் குறை சொல்லலாம். அதற்கு முன் வேண்டாம்.

"போட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை, போன் சுடுகிறது, சார்ஜ் கொட்டுகிறது"

காத்திருங்கள். புதிதாகப் போட்டதும் போன் செய்யும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஆப்கள் எல்லாம் திரும்ப இறங்கும், படங்களும் தொடர்புகளும் ஒத்திசையும், வாட்ஸ்அப் தன் பழைய உரையாடல்களை மீட்கும். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-இலிருந்து, நீங்கள் அதிகம் திறக்கும் ஆப்களை மட்டும் போன் சார்ஜரில் சும்மா இருக்கும் நேரம் பார்த்து வேகமாக ஓடும்படி மாற்றி வைத்துக்கொள்ளும் முறை உண்டு. அது நடந்து முடியும் வரை எல்லாமே கொஞ்சம் கூடுதல் சார்ஜ் கேட்கும். ஆகவே முதல் இரண்டு இரவும் போனைச் சார்ஜரில், வைஃபையில் போட்டுத் தூங்குங்கள். அந்த வேலை தானாக முடியும்.

மூன்றாம் நாளும் சூடு குறையவில்லை என்றால் எப்படிப் போட்டீர்கள் என்று யோசியுங்கள். பழைய டேட்டாவை அழிக்காமல் ஒரு ரோம் மேலேயே வேறொரு ரோமைப் போட்டிருந்தால், அதாவது டர்ட்டி ஃபிளாஷ் செய்திருந்தால், அதை முதலில் சரிசெய்யுங்கள். அதே ரோமின் அடுத்த பதிப்பை மேலேயே போடலாம், அதில் தவறில்லை. ரோம் விட்டு ரோம் தாவும்போது டேட்டாவை அழித்துத்தான் ஆக வேண்டும். ஒரு ரோமின் செட்டிங்ஸ் கோப்பை இன்னொன்று படிக்க முடியாமல் ஏதோ ஒரு சேவை விழுந்து விழுந்து எழும். திரையில் ஒன்றும் தெரியாது, உள்ளே பிராசசர் ஓடிக்கொண்டே இருக்கும்.

கூகுள் தொகுப்பிலும் இதே கதை உண்டு. ஜிஆப்ஸ் தொகுப்பு உங்கள் ரோமின் ஆண்ட்ராய்டு பதிப்புக்கு அப்படியே பொருந்த வேண்டும். லீனியேஜ் ஓஎஸ் போன்ற ரோம்களில் அதை முதல் முறை பூட் ஆவதற்கு முன்பே போட வேண்டும். ஒருமுறை போன் திறந்தபிறகு "அடடா, பிளே ஸ்டோர் இல்லையே" என்று ரெக்கவரிக்கு (ரோம் ஏற்றும் தனித் திரைக்கு)த் திரும்பிப் போட்டால் பிளே சர்வீசஸுக்கு வேண்டிய அனுமதிகள் சரியாக அமையாமல் போகலாம். பேட்டரி பட்டியலில் பிளே சர்வீசஸ் எப்போதும் மேலேயே நின்றால் இதைச் சந்தேகப்படுங்கள். ஃபேக்டரி ரீசெட் செய்து முதலிலிருந்து வரிசையாகப் போடுவதுதான் ஒரே நல்ல வழி. பிளே சர்வீசஸை முடக்கிப் பார்க்காதீர்கள், வரவேண்டிய செய்தி அறிவிப்புகளும் சேர்ந்து நின்றுவிடும்.

"திரை அணைந்திருக்கும்போதே இறங்குகிறது"

இரவுக் கணக்கில் மாட்டுவது இதுதான். போன் மேசையில் சும்மா கிடக்கும்போது பிராசசர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக வேண்டும். யாராவது "தூங்காதே, எனக்கு வேலை இருக்கிறது" என்று பிடித்து வைத்தால் அதற்கு வேக்லாக் என்று பெயர். ஆப் பிடிக்கும் வேக்லாக் ஒரு வகை. கர்னலுக்குள் வைஃபை, சென்சார், மோடம் ஆகியவற்றின் டிரைவர் (அவற்றை இயக்கும் மென்பொருள்) பிடிக்கும் வேக்லாக் இன்னொரு வகை. செட்டிங்ஸில் உள்ள பேட்டரி பட்டியலில் முதல் வகைதான் ஓரளவு தெரியும். இரண்டாவதைப் பார்க்க பெட்டர் பேட்டரி ஸ்டாட்ஸ் என்ற ஆப் வேண்டும். ரூட் செய்யாத (முழு அதிகாரம் திறக்காத) போனில் அதற்கு ஒரு லேப்டாப்பிலிருந்து ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக ஒருமுறை அனுமதி கொடுத்தால் போதும். அவ்வளவு தூரம் போக விருப்பமில்லாதவர்கள் அக்யூபேட்டரி போட்டுக்கொள்ளுங்கள். திரை அணைந்திருந்த நேரத்தில் எத்தனை பங்கு ஆழ்ந்த தூக்கம் என்று அது காட்டும். ஏழு மணி நேர இரவில் ஆறு மணிக்கு மேல் தூங்கியிருந்தால் நன்று. ஒன்றிரண்டு மணிதான் என்றால் குற்றவாளி உள்ளே இருக்கிறான்.

ஆப்தான் காரணம் என்று சேஃப் மோட் சொல்லிவிட்டதா? சமீபத்தில் போட்ட ஆப்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் பார்த்தவரை "பேட்டரி மிச்சம் பிடிக்கும்" என்று சொல்லிக்கொள்ளும் ஆப்களே அதிகம் மாட்டுகின்றன. பின்னணியில் ஓடும் ஆப்களை அவை கொல்லும், ஆண்ட்ராய்டு திரும்ப எழுப்பும், அவை திரும்பக் கொல்லும். இந்தச் சண்டையில் போவது உங்கள் சார்ஜ். 2015-ல் ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்து டோஸ் என்ற ஏற்பாடு அதன் உள்ளேயே இருக்கிறது. போன் அசையாமல், திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் ஆப்களின் நெட் வேலைகளையெல்லாம் ஒத்திவைத்து, இடையிடையே ஒரு சின்ன இடைவெளியில் மட்டும் அனுமதிக்கும். அதை அதன் போக்கில் விடுவதே நல்லது.

ஆப் இல்லை என்றால் சில செட்டிங்ஸைப் பார்த்துவிடுங்கள். பூட்லோடர் (வேறு ரோம் ஏறாமல் காக்கும் பூட்டு) திறப்பதற்காக டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் போயிருப்பீர்கள். ரோம் போட்டபின் அதே பட்டியலைத் திரும்பத் திறந்து, வைஃபையில் இருக்கும்போதும் மொபைல் டேட்டாவை விழித்தே வைத்திருக்கும் தேர்வை அணையுங்கள். 4எக்ஸ் எம்எஸ்ஏஏ என்று ஒன்று இருக்கும், அதுவும் வேண்டாம். லொக்கேஷன் பக்கத்தில் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் என்று இரண்டு இருக்கும். வைஃபையை நீங்கள் அணைத்தாலும் இவை தேடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு முறை தட்டினால் திரை விழிக்கும் வசதியும், சட்டைப்பையிலிருந்து எடுத்தாலே மணி காட்டும் வசதியும் தொடுதிரையையோ சென்சாரையோ தூங்கவிடாமல் வைத்திருப்பவை. கம்பெனி ரோமில் இவற்றுக்கென்று குறைந்த மின்சாரத்தில் ஓடும் தனி ஏற்பாடு இருந்திருக்கலாம். கஸ்டம் ரோம் செய்தவருக்கு அதன் உள்விவரம் கிடைத்திருக்காது. இவற்றை ஓர் இரவு அணைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

"பேட்டரி பட்டியலில் மொபைல் நெட்வொர்க் முதலிடத்தில் நிற்கிறது"

புயல் இரவில் என் போனுக்கு நடந்தது இதுதான். கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போனில் ஆண்ட்ராய்டு ஓடுவது ஒரு பிராசசரில். டவரோடு பேசுவது மோடம். மோடத்துக்கென்று தனியாக ஒரு பர்ம்வேர் (அந்த வன்பொருளை இயக்கும் மென்பொருள்) உண்டு, அது தனிப் பகுதியில் இருக்கும். நீங்கள் ரெக்கவரியில் போடும் ரோம் கோப்பில் பல நேரம் அந்தப் பர்ம்வேர் இருக்காது. அதாவது ஆண்ட்ராய்டு புதியதாகிவிடும், மோடம் பர்ம்வேர் கம்பெனி கடைசியாகக் கொடுத்ததாக, அல்லது நீங்கள் அப்டேட் செய்யாமல் விட்ட அதற்கும் முந்தையதாக நிற்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்றாலும் அழைப்பு போகும், நெட் வரும், எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் சிக்னல் குறையும் இடத்தில் மோடம் பிராசசரை எழுப்பி எழுப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கும். டோஸ் ஆப்களைத்தான் தூங்கவைக்கும், மோடத்தை அல்ல.

அன்று இரவு டவர்களும் கரண்ட் இல்லாமல் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. அக்கா போனின் மோடம் கொஞ்சம் தேடிவிட்டு இடைவெளி விட்டுவிட்டுத் தேடியது. என் போன் விடிய விடியத் தேடியது. நான் ரோம் போடுவதற்கு முன் கம்பெனி அப்டேட் இரண்டைப் போடாமல் விட்டிருந்தேன். ரோமின் நிறுவல் குறிப்பிலேயே எந்தப் பர்ம்வேர் பதிப்பு வேண்டும் என்று எழுதியிருந்தது, படிக்காமல் தாண்டிவிட்டேன். அந்தப் பதிப்பைப் போட்டபிறகு அதே போன், அதே ரோம், அதே அறை: 92-ல் வைத்தால் காலையில் 87.

செய்ய வேண்டியது இதுதான். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்தில் பேஸ்பேண்ட் பதிப்பு (மோடம் பர்ம்வேரின் பதிப்பு) என்று இருப்பதைக் குறித்துக்கொண்டு, ரோமின் குறிப்பில் கேட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் உங்கள் மாடலுக்கே உரிய பர்ம்வேரை மட்டும் போடுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று வகைகள் விற்கும் போன்கள் உண்டு, பெட்டியில் உள்ள மாடல் எண்ணைப் பாருங்கள். அதற்கு முன் ரெக்கவரியிலிருந்து இஎஃப்எஸ், பெர்சிஸ்ட் பகுதிகளைக் காப்புப் பிரதி எடுத்து போனுக்கு வெளியே, ஒரு பென்டிரைவிலாவது வையுங்கள். ஐஎம்இஐ எண்ணும் சென்சார் அளவீடுகளும் அங்கேதான் இருக்கும். அழிந்துபோனால் திரும்ப வராது. இன்னொன்று: 2018-இலிருந்து ரெட்மி நோட் 5 ப்ரோ போன்ற சில ஷாவ்மி மாடல்களில் பழைய பர்ம்வேருக்கு இறங்கவிடாத தடுப்பு இருக்கிறது. அதை மீறி இறக்கினால் போன் திறக்கவே திறக்காது. மேலே போவதற்கு மட்டும் கைவையுங்கள்.

பர்ம்வேர் சரியாக இருந்தும் நெட்வொர்க்தான் குடிக்கிறது என்றால் வோல்ட்இ (4ஜி வழியாகவே அழைப்பு போகும் முறை) பாருங்கள். ஜியோவின் 4ஜி சிம்மில் அழைப்பு போவதே வோல்ட்இ வழியாகத்தான், விழுந்துகொள்ள 2ஜியோ 3ஜியோ அதற்குக் கிடையாது. டயலரில் *#*#4636#*#* என்று அடித்தால் சோதனைப் பட்டியல் வரும். போன் தகவலுக்குள் போய் ஐஎம்எஸ் (வோல்ட்இ அழைப்புக்கான பதிவு) நிலையைப் பாருங்கள். பதிவாகியிருக்கிறது என்று காட்ட வேண்டும். பதிவாகவில்லை என்றால் போன் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது. ஏபிஎன் (சிம் கம்பெனியின் நெட் இணைப்பு விவரம்) பட்டியலை இயல்பு நிலைக்கு மாற்றுங்கள், வோல்ட்இயை அணைத்துப் போடுங்கள், போனை அணைத்துத் திறங்கள். அப்போதும் வரவில்லையா? சரி, உங்கள் போனுக்கு அந்த ரோமில் வோல்ட்இ இன்னும் சரியாக அமையவில்லை. இந்த ஒரு காரணத்துக்காக ரோமை மாற்றுவதை நான் ஒப்புக்கொள்வேன்.

இரண்டாவது சிம் வேலிடிட்டி முடிந்து சும்மா கிடக்கிறதா, அல்லது அந்தக் கம்பெனிக்கு உங்கள் வீட்டுப் பின்கட்டில் சிக்னல் இல்லையா? செட்டிங்ஸில் அந்தச் சிம்மை அணைத்துவிடுங்கள். ஒன்றும் பெரிய வேலையில்லை, ஆனால் இதனாலேயே சரியாகிவிட்ட போன்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் தினமும் போகிறவர்கள், "முள்ளோடை தாண்டினால் ரோமிங் ஆகிறதா, அதனால்தான் சார்ஜ் இறங்குகிறதா?" என்று கேட்பதுண்டு. இல்லை. தொலைத்தொடர்புக் கணக்கில் புதுச்சேரி தமிழ்நாடு வட்டத்திலேயே வருகிறது. ஓடும் பஸ்ஸில் டவர் விட்டு டவர் மாறுவதுதான் காரணம், அது எந்த ரோமிலும் நடக்கும்.

"கடலுக்குப் போய்த் திரும்புவதற்குள் போன் செத்துவிடுகிறது"

தேவனாம்பட்டினத்து அண்ணன் ஒருவர் கேட்டது இது. வலை விட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளப் போனில் ஜிபிஎஸ் பார்க்கிறார். தம்பி ஒருவன் அவருக்குக் கஸ்டம் ரோம் போட்டுக் கொடுத்திருந்தான். கரையில் நன்றாக நிற்கும் சார்ஜ் கடலில் கரைகிறது.

ரோம் மீது குற்றமில்லை. கரையிலிருந்து விலக விலக மோடம் தன் முழுப் பலத்தில் டவரைத் தேடும், திரையும் வெயிலில் முழு வெளிச்சத்தில் இருக்கும். ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோளிலிருந்து வருவதைக் கேட்பது மட்டும்தான், அதற்கு டவர் வேண்டாம். ஆகவே சிக்னல் போனதும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடலாம், ஜிபிஎஸ் தொடர்ந்து வேலை செய்யும். ஒன்றை மட்டும் கரையிலேயே செய்துவிட வேண்டும். நெட் இருக்கும்போது போன் செயற்கைக்கோள்களின் இடத்தை நெட் வழியாகச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். நெட் இல்லாமல் அடியிலிருந்து தொடங்கினால் அந்த விவரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும், முழுத் தொகுப்பும் வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். படகு கிளம்பும் முன் ஒருமுறை இடத்தைப் பிடிக்கவைத்து, அந்தப் பகுதி வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் ஏரோபிளேன் மோட். ஆபத்துக்குப் படகின் விஎச்எஃப் வயர்லெஸ் செட்தான் துணை. போனை நம்பி அதைக் கரையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதையும் அவரிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.

"30 சதவீதம் காட்டும்போதே பொசுக்கென்று அணைகிறது, சார்ஜரில் போட்டால் திரும்ப 25 காட்டுகிறது"

இதற்கு எந்த ரோமும் மருந்தில்லை, பேட்டரி கிழடாகிவிட்டது. வயதான பேட்டரியின் உள்மின்தடை ஏறிவிடும். கேமராவோ ஃபிளாஷோ ஒரே இழுப்பில் அதிக மின்சாரம் கேட்கும்போது அதன் வோல்டேஜ் சட்டென்று சரியும், போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சுமை போனதும் வோல்டேஜ் ஏறிக்கொள்ளும், ஆகவேதான் திறந்ததும் 25 காட்டுகிறது. பேட்டரியை மாற்றுங்கள்.

ரெக்கவரியில் பேட்டரி ஸ்டாட்ஸ் அழித்தால் சரியாகும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழைய கிளாக்வொர்க்மாட் ரெக்கவரியில் அப்படி ஒரு தேர்வு இருந்ததால் வந்த நம்பிக்கை அது. அந்தக் கோப்பு எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் தின்றது என்ற கணக்கு மட்டுமே, சதவீதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆண்ட்ராய்டை எழுதிய கூகுள் பொறியாளர்களில் ஒருவரான டயான் ஹாக்பார்ன் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார். சதவீதத்தைச் சொல்வது உள்ளே போகும் வரும் மின்சாரத்தை எண்ணும் ஒரு சில்லு.

பின்மூடி புடைத்திருக்கிறதா, திரை ஓரத்தில் எழும்பியிருக்கிறதா? அதற்குமேல் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம், மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

"சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது"

முதலில் கேபிளை மாற்றுங்கள். அடுத்து சார்ஜிங் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அந்தச் சின்ன உலோக நுனிகளில் பச்சை படியவைக்கும். போனை அணைத்துவிட்டு, மரத்தால் ஆன பல்குச்சியில் கொஞ்சம் ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். ஊசி வேண்டாம்.

அதற்குப் பிறகும் மெதுவாக ஏறினால்தான் ரோம் பக்கம் வர வேண்டும். குவிக் சார்ஜ், பவர் டெலிவரி போன்ற பொதுவான முறைகள் பெரும்பாலும் கஸ்டம் கர்னலில் வேலை செய்யும். ஒரு கம்பெனி தன் சார்ஜருக்கென்றே வைத்திருக்கும் தனிமுறைக்கு அதன் டிரைவர் வேண்டும். கர்னல் செய்தவரிடம் அது இல்லையென்றால் வேகம் வராது. போன் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், மெதுவாக ஏறுவது பேட்டரிக்கு நல்லதுதான்.

கத்திரி வெயிலில் மட்டும் ஏற மறுக்கிறதா? லித்தியம் அயன் பேட்டரியை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அந்தச் சூட்டை நெருங்கும்போது கர்னல் மின்சாரத்தைக் குறைக்கும், தாண்டினால் நிறுத்தும். பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப் ஓடவிட்டு, சார்ஜும் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மதியம் போனால் இதுதான் நடக்கும். இந்தத் தடையை எடுத்துவிடும் கர்னல்களும் மாட்யூல்களும் உலவுகின்றன. தயவுசெய்து போடாதீர்கள். அது தடை இல்லை, காவல்.

"எப்போதும் 50 சதவீதமே காட்டுகிறது"

கர்னல் பேட்டரியை அடையாளம் காணவில்லை. சில குவால்காம் போன்களில் பேட்டரியின் விவரம் படிக்கக் கிடைக்காதபோது டிரைவர் இந்த எண்ணைச் சும்மா காட்டும். ரோமோடு வந்த கர்னலுக்குத் திரும்புங்கள். சரியாகவில்லை என்றால் மாற்றிய பேட்டரி போலியாகவோ அதன் இணைப்பு தளர்ந்தோ இருக்கலாம்.

"திரை எரியும்போதுதான் வேகமாக இறங்குகிறது"

டார்க் தீம் அமோலெட் திரையில் உதவும், எல்சிடி திரையில் உதவாது. திரை 90 அல்லது 120 ஹெர்ட்சில் நிலையாக நின்றுவிட்டதா என்று பாருங்கள், தேவைக்கேற்ப மாறும் வசதி பல கஸ்டம் ரோம்களில் இருக்காது. 60-இல் வைத்தால் போதும். தனிக் கர்னல் போட்டிருந்தால் கவர்னர் (பிராசசர் வேகத்தைத் தீர்மானிக்கும் தேர்வு) எது என்று பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் என்று இருந்தால் பிராசசர் எப்போதும் உச்சத்தில் ஓடும். ஷெட்யூட்டில் (schedutil) என்ற தேர்வே இருக்கட்டும். கேம் வேகத்துக்கென்றும் பேட்டரிக்கென்றும் மேஜிஸ்கில் (போனை ரூட் செய்யும் கருவி) போடும் மாட்யூல்களை எல்லாம் எடுத்துவிட்டு ஓர் இரவுக் கணக்கு பாருங்கள். அவற்றில் ஒன்றுகூட என் தாளில் ஒரு சதவீத வித்தியாசம் காட்டியதில்லை.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை, கம்பெனி ரோமுக்கே போகிறேன் என்றால்

தாராளமாகப் போகலாம். போனில் 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது செய்யுங்கள். டெஸ்க்டாப் கணினியில் பாதியில் கரண்ட் போனால் வம்பு, ஆகவே லேப்டாப்பில் செய்யுங்கள். உங்கள் மாடலுக்கான கம்பெனியின் முழுத் தொகுப்பை, இப்போது போனில் உள்ள பர்ம்வேருக்குச் சமமான அல்லது புதிய பதிப்பாகப் பார்த்து எடுங்கள். ஷாவ்மியின் ரோம் ஏற்றும் கணினிக் கருவியில், வேலை முடிந்ததும் பூட்லோடரைப் பூட்டும் தேர்வு தானாகவே தேர்ந்திருக்கும், அதை முதலில் மாற்றுங்கள். கஸ்டம் ரோமோ, வேறு நாட்டுப் பதிப்போ உள்ளே இருக்கும்போது பூட்டினால் போன் திறக்காது. பிக்சல் போனில் கிராபீன் ஓஎஸ் போன்றவை பூட்டுவதற்கென்றே வழி வைத்திருக்கின்றன, அது விதிவிலக்கு. மற்றவர்கள் கம்பெனி ரோம் முழுதாகத் திறந்து, அழைப்பு போய், சிம் வேலை செய்து, மூன்று இரவுக் கணக்கும் தாளில் ஏறியபிறகு பூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். அந்த மூன்று இரவும் பழையபடியே 20 சதவீதம் இறங்கினால், பூட்டுவதை விட்டுவிட்டுப் பேட்டரி மாற்றக் கிளம்புங்கள்.